சூளை சொன்ன "இப்ப வேணாம்"

என் குமரா,

"சாப்ட்டியா?" என்று கேட்காமல் உனக்கு நான் எதையும் எழுதியதில்லை. போனில் செய்தி அனுப்பினாலும் முதல் வரி அதுதான். இப்போது அதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் பயந்துபோயிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இப்படியெல்லாம் யாரிடமும் சொல்கிறவள் இல்லை உன் அக்கா. அதிலும் முகம் தெரியாதவர்கள் படிக்கும் இடத்தில் இதை வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் நம்மை இங்கே கொண்டுவந்து விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பெண்ணாடம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் எழுப்பவில்லையாம். அன்றோடு உன் சூளையும் நின்றுவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை. உன் பெண்டாட்டி கலாதான் நடத்துகிறாள். சின்ன அளவில் பீங்கான் செய்கிறவர்கள் முன்போலவே சரக்கைக் கொண்டுவந்து சுட்டுக்கொண்டு போகிறார்கள். வேலாயுதம் அண்ணன் அடுக்குகிறார், பற்ற வைக்கிறார். சூடு எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும், கேஸ் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையெல்லாம் நீ எழுதி வைத்த நிரல் பார்த்துக்கொண்டது. கொட்டகை மூலையில் மரப்பெட்டிக்குள் இருந்த உன் பழைய லினக்ஸ் கணினிக்குத் திரைகூட இல்லை. அது உயிரோடு இருப்பது விசிறிச் சத்தத்தால் மட்டும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. வேலாயுதம் அண்ணன் அந்தப் பெட்டிக்குச் சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார், சாமந்தி மாலை ஒன்றைச் சுற்றிப் போட்டார். "மொதலாளி கை பட்ட பொருளு டீச்சரம்மா. அவரு போட்டோவுக்குப் போட்ட மாலைய விடப் பெருசாப் போடணும்னுதான் தேடி வாங்கியாந்தேன்" என்றார். பெரிய மாலைதான். காற்றுத் துளை முழுவதையும் மூடிக்கொண்டது. பூஜை முடிந்த பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. உன் மாலையை எடுக்க யாருக்குக் கை வரும்? பூ முழுதாக வாடுவதற்குள் கணினி சூடேறி அணைந்துவிட்டது. கொட்டகைக்குள் போனபோது வெந்த சாமந்தி வாசம் அடித்தது.

மறுபடி உயிர் வந்தது. ஆனால் உள்ளே கோப்புகளைச் சேமிக்கும் வட்டு சுழலும் இடத்திலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். சீக்கிரம் போய்விடும் என்று அர்த்தமாம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "யாரு எழுதுனது இதெல்லாம்? ரொம்பப் பழைய மொறைங்க. தூக்கிக் கடாசிட்டுப் புதுசா மெஷினே மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அவர் போகும்வரை கலா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, நீங்க பாருங்களேன்."

"நான் காலேஜுல கெமிஸ்ட்ரி எடுக்கிறவ கலா."

"அவரு மட்டும் இதையா படிச்சாரு? பி.எஸ்ஸி. பாட்டனிதான?"

அப்படித்தான் இந்த வயதில் நான், லினக்ஸுக்கு அடிப்படையான யூனிக்ஸ் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வட்டு நின்றுபோவதற்குள் உன் நிரலை ஒரு புது இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சூளை இல்லை. சூளை இல்லாவிட்டால் கலாவுக்கு என்ன இருக்கிறது?

உன் பெட்டியோடு ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டினேன். அந்தக் கறுப்புத் திரை எனக்கு முதல் நாளிலிருந்தே பயம். வேறு எந்தத் திரையிலும் தொடுவதற்கு ஏதாவது இருக்கும். இதில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. நீ சொன்னால் செய்வேன், எதைச் சொன்னாலும் செய்வேன் என்று காத்திருக்கிறது. எதைச் சொன்னாலும் செய்கிற ஒன்றைக் கண்டு நான் எப்படிப் பயப்படாமல் இருப்பேன்? ஆய்வகத்தில் அமிலப் புட்டி மேல்கூட ஒரு எச்சரிக்கை ஒட்டியிருக்கும்.

எல்எஸ் என்று அடித்தால் கோப்புகளின் பெயர்கள் வரும் என்பதைக் கற்றேன். மேன் என்று முன்னால் போட்டால் ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் கையேடு வரும் என்பதைக் கற்றேன். அதைப் படித்துப் புரிந்துகொள்ள இன்னொரு கையேடு தேவைப்பட்டது. விஐ என்ற எழுதும் கருவிக்குள் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல், கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். சிரிக்காதே. என்னைத் தவிர உலகத்தில் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இணையத்தில் பார்த்தால் ஊர்பட்ட பேர் அதே இடத்தில் நின்று அழுதிருக்கிறார்கள்.

மற்ற எல்லாவற்றையும் விட அந்த மௌனம்தான் பழகவில்லை. ஒரு கட்டளை சரியாக நிறைவேறினால் யூனிக்ஸ் ஒன்றும் சொல்லாது. தப்பாகப் போனால்தான் வாயைத் திறக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன்.

சூளைச் சரக்குக்குப் பளபளப்பு ஏற்ற நான் கலந்து தரும் புது மெருகுக் கலவையை எப்போதும் முழுத் தட்டுக்குப் பூச மாட்டேன், உனக்கு நினைவிருக்கும். உடைந்த ஓட்டுத்துண்டில் பூசி, சூளையின் ஓரத்தில் வைத்துச் சுட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் உன் கோப்புகளுக்கும் ஒரு நகல் எடுத்து, 'ஓட்டுத்துண்டு' என்று பெயர் வைத்து, அதில்தான் கை வைத்தேன். நல்ல காலம். ஆர்எம் என்றால் அழி. நட்சத்திரக் குறி என்றால் எல்லாம். பழைய வெப்பப் பதிவுகளை மட்டும் அழிக்க நினைத்தவள், பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுவிட்டேன். 'நிஜமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை குமரா. எல்லாம் போய்விட்டது. போனது நகல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அசல் இருக்கிறதா என்று மறுபடி மறுபடி எல்எஸ் அடித்துப் பார்த்தேன். நெஞ்சின் நடுவில் ஒரு பிடிப்பு வந்து, இடது தோள்வரை இழுத்தது.

அந்தப் பிடிப்பு புதிதல்ல. கல்லூரியில் ஆய்வகம் இருக்கும் மாடிக்கு ஏறும்போது கொஞ்ச நாளாக வருகிறது. வாயு என்று சொல்லிக்கொண்டேன்.

உன் கோப்புகளை நிஜமாகவே மாற்றிய நாளில் அந்த டிக் சத்தம் அதிகமாகியிருந்தது. ஒவ்வொரு கோப்பாகப் புது இயந்திரத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு கலா பக்கத்தில் நின்றாள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், எல்லாக் கோப்பும் அன்றைய தேதியைக் காட்டியது, நான்தான் அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதுபோல. எனக்குப் பிடிக்கவில்லை. கட்டளையோடு ஒரு சிறு குறியைச் சேர்த்தால் பழைய தேதிகளும் அப்படியே வரும் என்று கையேட்டில் இருந்தது. "வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு அண்ணி மறுபடியும்? அது நிக்கப்போவுது" என்றாள் கலா. நின்றுவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். நீ எழுதிய தேதிகள் வந்தன. இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுதான். உன் பழைய இயந்திரத்தை அணைத்தேன். மறுபடி அதற்கு உயிர் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, புது இயந்திரத்தில் முதல் சூளை. சரக்கு முழுவதும் நல்லூர்ப் பக்கத்து எஸ்தருடையது. கார்த்திகை விளக்குகள், அவற்றுக்கு நடுவே இடம் விடாமல் கிறிஸ்துமஸ் தேவதைகள். அந்தப் பெண் வருஷம் முழுக்கச் செய்தது. "ரெண்டு சாமி சரக்கும் ஒண்ணா வேவுதே, சண்டை வராது?" என்று வேலாயுதம் அண்ணன் சீண்டினார். "சாமிங்க சண்டை போடாதுண்ணே. வேவாம எடுத்துக் குடுத்தீங்கன்னா நான் போடுவேன்" என்றாள் எஸ்தர்.

அடுக்கி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. முறை உனக்குத் தெரிந்ததுதான். நான் தொடக்கக் கட்டளை கொடுக்க வேண்டும். நிரல் வால்வைத் திறக்கும். வேலாயுதம் அண்ணன் உடனே கொள்ளியைக் காட்ட வேண்டும். வால்வு திறப்பதற்கும் தீ பிடிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த மூச்சளவு நேரத்தை நினைத்துத்தான் நான் இத்தனை நாளும் தூக்கம் கெட்டிருந்தேன். தீ பிடிக்காவிட்டால் கேஸை நிறுத்தத் தனியாக ஒரு கருவி இருக்கிறது. இருக்கட்டும். கொள்ளியோடு நிற்பவர் மனிதர். அவருக்கும் வாயுவுக்கும் நடுவில் நிற்பது நான் தட்டச்சு செய்யப்போகும் ஒரு வரி.

"நேரம் பாத்தாச்சா அண்ணே?" என்றாள் கலா.

"திங்கக்கெழம ராகு காலம் காலையிலேயே போயிடுச்சும்மா. டீச்சரம்மா, அடிங்க."

அடித்தேன். எப்போதும் மௌனமாக இருக்கும் திரை பேசியது.

"இப்ப வேணாம். கொஞ்சம் பொறுத்துப் பத்த வைங்க."

உன் குரல். எழுத்தில் இருந்தாலும் அது உன் குரல்தான். பிழைச் செய்தி என்றால் எனக்குப் புரியாத ஆங்கிலத்தில் வந்திருக்க வேண்டும். இது நீ சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. பக்கத்தில் இருந்த தட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டேன்.

கலா படித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு வேணாம்ங்கிறாரு அண்ணி. நிறுத்திடுங்க." எஸ்தர் சிலுவை போட்டுக்கொண்டாள். வேலாயுதம் அண்ணன் கொள்ளியை மணல் தொட்டியில் செருகி அணைத்துவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்தார். "மொதலாளி சொல்லிட்டாரு. இன்னிக்கு வுட்டுருவோம்."

வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் நான் எரிச்சலாகி ஒரு வார்த்தை சொல்வேன். அன்று அந்த வரியை மறுபடி படித்தேன். குமரா, உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு கணம் நம்பினேன். ஏதோ ஒன்றை நான் தப்பாகக் கோத்திருக்கிறேன், வால்வைத் திறந்தால் வெடிக்கும், அதைத் தெரிந்துதான் நீ தடுக்கிறாய் என்று. எங்கிருந்து தடுக்கிறாய் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். கிரெப் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்று தேடித் தரும். "வேணாம்" என்று கொடுத்தேன். ஒரு இடத்தில்தான் இருந்தது. அதற்கு மேலே ஏழு கிழமைகள். ஒவ்வொரு கிழமைக்கும் எதிரே ஒன்றரை மணி நேரம். திங்களுக்கு எதிரே ஏழரை முதல் ஒன்பது வரை.

நம் வீட்டு நாள்காட்டியில் பார்த்து நீயும் நானும் சிரித்த அதே ராகு காலம்.

ஆனால் அப்போது மணி மதியம் ஒன்றைத் தாண்டியிருந்தது. இயந்திரத்திடம் நேரம் கேட்டேன். காலை ஏழே முக்கால் சொச்சம் என்றது. புது இயந்திரத்தை அமைக்கும்போது ஊர் எது என்று அது கேட்டதைக் கவனிக்காமல் நான் கடந்து போயிருக்கிறேன். அது கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விருத்தாசலத்துச் சூளைக்கு இங்கிலாந்துக் கடிகாரத்தைப் பார்த்து ராகு காலம் கணித்திருக்கிறது.

சொன்னதும் முதலில் சிரித்தது எஸ்தர்தான். "வெள்ளக்காரனுக்கும் ராகு காலமா மேடம்!" கலா சிரிக்கவில்லை, அழுதாள். வேலாயுதம் அண்ணனைக் கேட்டேன், இந்த வாசகத்தை இதற்கு முன்னால் பார்த்ததில்லையா என்று. "அந்த நேரத்துல நான் கொள்ளியத் தொடவே மாட்டனே டீச்சரம்மா. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படியானால் யாருக்காக இதை எழுதினாய்?

இந்திய நேரத்துக்கு மாற்றினேன். அவர்களாகச் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தேன். மறுபடி கட்டளையை அடித்தேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. வால்வு 'க்ளக்' என்றது. வேலாயுதம் அண்ணனின் கை முன்னே போனது. தீ பிடித்தது. அந்த நீல நாக்குகளைப் பார்த்தபடி நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி அந்தப் பிடிப்பு. இந்தத் தடவை தாடைவரை வந்தது.

சூளை ஏறிக்கொண்டிருந்தபோது உன் நிரலுக்குப் பக்கத்தில் அதன் முந்தைய வடிவம் ஒன்றையும் நீ வைத்திருப்பதைக் கண்டேன். டிஃப் என்ற கட்டளை இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு எது மாறியது என்று சொல்லும். கேட்டேன். அந்த ராகு காலப் பகுதி மட்டும்தான் புதிது. நீ கடைசியாகச் சேர்த்தது அதுதான். தேதி பார்த்தேன். நான் மறுபடி முதலிலிருந்து எடுத்ததால் அல்லவா அந்தத் தேதி எனக்குக் கிடைத்தது? ஆடி மாதம், ஒரு சாயங்காலம். போனை எடுத்து அதே நாளில் நீ எனக்கு அனுப்பியதைத் தேடினேன்.

"சாப்ட்டியா?" என்று கேட்டிருக்கிறேன். "சாப்ட்டேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது. வாயுதான். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டேன்" என்று நீ பதில் போட்டிருக்கிறாய். அதன் கீழே நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறேன்.

அதனால் என்ன என்று என் பழைய புத்தி கேட்கிறது. வேலாயுதம் அண்ணனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கலாம். யாரோ ஒரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தியிருக்கலாம். ஒரே நாளில் நடந்த இரண்டு விஷயங்களுக்கு உறவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நானே மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லித்தருகிறேன். ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நீ பயந்திருக்கிறாய். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாம் இருவரும் சிரித்த ஒன்றிடம் யாருக்கும் தெரியாமல் போய், கொஞ்சம் பொறு என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தால் சிரிப்பேன் என்று நினைத்தாயா? சிரித்திருப்பேனா நான்?

ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் நலம் என்பது உன் இயந்திரத்தின் சட்டம். நம் வீட்டிலும் அதுவே சட்டமாக இருந்திருக்கிறது. இயந்திரத்துக்கு அது சரியாக இருக்கலாம்.

சூளை ஆற ஒரு நாள் விட்டுத்தான் கதவைத் திறந்தோம். வெப்பம் சரியாக ஏறியதா என்று சொல்ல உள்ளே நிறுத்தும் சின்னக் களிமண் கோன்கள், வளைய வேண்டிய அளவுக்கு வளைந்திருந்தன. திரையில் வரும் எண்களை விட அதைத்தான் நான் நம்புவேன். எஸ்தர் ஒரு விளக்கை எடுத்து விரல் நகத்தால் தட்டினாள். சுத்தமான ஓசை. "வெந்துடுச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு ஒரு தேவதையை என் கையில் வைத்தாள். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் கோணல்.

அப்போதுதான் கலாவிடம் சொன்னேன். மாடிப்படியில் வருவதை, தோளில் இழுப்பதை, தாடைவரை வந்ததை. அவள் கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளா. வாயுவா இருக்கும்னு..."

"வாயுவா? அக்காளும் தம்பியும் ஒரே அச்சில வாத்தெடுத்த மாதிரி இருக்கீங்களே! வாயத் தொறந்தா என்னா, முத்து கொட்டிடுமா? இன்னொருத்தர நான் பஸ்ஸுலேருந்து எறக்கிக்கினு வரணுமா?" என்று கொட்டகை அதிரக் கத்தினாள். வேலாயுதம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவளை இவ்வளவு கோபமாக நீகூடப் பார்த்திருக்க மாட்டாய்.

நாளைக் காலை அவளோடு புதுச்சேரிக்குப் போகிறேன், பெரிய மருத்துவமனைக்கு. பயமாக இருக்கிறது குமரா. கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்தபோது இருந்ததை விட அதிகமாக இருக்கிறது. இதற்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ள முடியாதே. கிளம்ப நேரம் பார்க்க வேண்டும் என்று கலா நாள்காட்டியைத் திருப்பினாள். ராகு காலம் முடிந்த பிறகு புறப்படலாமா அண்ணி என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சரி என்றேன்.

நீ சேர்த்த அந்த வரிகளை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். ராகு காலத்தை நம்பி அல்ல. அந்த ஒரு இடத்திலாவது நீ வாய் திறந்து சொல்லியிருக்கிறாயே, அதற்காக. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டாக்டர் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்வேன். அவர் எனக்குச் சொல்வதை, எதுவாக இருந்தாலும், அன்றைக்கே கலாவிடம் சொல்வேன். வலித்தால் வலிக்கிறது என்பேன். இனி யாராவது வாயு என்று எனக்குச் செய்தி அனுப்பினால் கட்டைவிரல் அனுப்ப மாட்டேன்; நேரில் போய் நிற்பேன்.

நான் சாப்பிட்டுவிட்டேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

வாய் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
வசந்தா